பிளாஸ்டிக்கைத் தின்னுமா பாக்டீரியா?

அறிவியல் மனிதனுக்கு அளித்த நன்மைகளுள் பிளாஸ்டிக்கும் ஒன்று என்று நான் தொடங்கினால், நம் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட நண்பர்கள் என்னை முறைத்துப் பார்ப்பார்கள். ஆயினும் உண்மையை மறைப்பானேன்? நோயாளிக்கு இரத்தம் ஏற்றும் பை, வயலில் சொட்டுநீர் பாய்ச்சும் குழாய், மின்கம்பியின் மேலுறை என எத்தனையோ காரியங்கள் இன்று பிளாஸ்டிக் இல்லாமல் நடவா. குற்றம் பொருளில் இல்லை. கடையிலிருந்து வீடு வந்து சேரும் வரை, அதாவது பத்து நிமிடம், பயன்படப்போகும் ஒரு பைக்கு, நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் மட்காத பொருளைத் தேர்ந்தெடுத்தோமே, அங்கேதான் குற்றம்.

அந்தக் குற்றத்தின் அளவைச் சற்றே நோக்குவோம். 2017ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர் மூவர் வெளியிட்ட கணக்கின்படி, 2015ஆம் ஆண்டு முடிய உலகம் உற்பத்தி செய்த பிளாஸ்டிக் ஏறத்தாழ 830 கோடி டன். அதில் 630 கோடி டன் குப்பையாகிவிட்டது. அக்குப்பையில் 9 விழுக்காடு மறுசுழற்சிக்குச் சென்றது. 12 விழுக்காடு எரிக்கப்பட்டது. எஞ்சிய 79 விழுக்காடும் குப்பைமேட்டிலும் மண்ணிலும் நீரிலும் கிடக்கிறது. நம் ஊர்ப் பேருந்து நிலையத்தின் பின்புறம் சென்று பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கில் ஐயம் எழாது.

வேதியியல் மூன்றாம் ஆண்டு மாணவியாகிய நான் இக்கட்டுரையில் சொல்ல வந்தது குப்பையின் பெருமையை அன்று. நம் வயதினர் சிலர் இக்குப்பையை அறிவியலால் எதிர்கொண்ட வரலாற்றையும், அவர்களைப் பார்த்து நானும் என் தோழியர் இருவரும் சூடு போட்டுக்கொண்ட கதையையும்தான்.

முதலில் ஒரு வினா. வாழைப்பழத் தோல் ஒரு வாரத்தில் அழுகுகிறது. பாலிதீன் பை ஏன் அழுகுவதில்லை? எதிலீன் என்பது இரண்டு கார்பன் அணுக்களும் நான்கு ஹைட்ரஜன் அணுக்களும் கொண்ட சிறு மூலக்கூறு. 1933ஆம் ஆண்டு இங்கிலாந்தில் மிகுந்த அழுத்தத்தில் நடந்த ஒரு சோதனையில், கலத்தின் உள்ளே எதிர்பாராமல் மெழுகு போன்ற வெள்ளைப் பொருள் படிந்தது. எதிலீன் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்து நீண்ட சங்கிலியாகியிருந்தன. அதுவே பாலிஎதிலீன். நாம் வழக்கில் பாலிதீன் என்கிறோம்.

இச்சங்கிலி முழுவதும் கார்பனோடு கார்பன் பிணைந்த பிணைப்பு. நுண்ணுயிர்கள் உணவை முழுதாக விழுங்குவதில்லை. நொதிகளை வெளியே சுரந்து, உணவைத் துண்டாக்கி, அத்துண்டுகளையே உள்ளிழுக்கின்றன. மாவுப்பொருளிலும் புரதத்திலும் நொதி பற்றிக்கொள்ளும் இடங்கள் உண்டு; அங்கே நீர் மூலக்கூறு புகுந்தால் பிணைப்பு அறும். பாலிஎதிலீன் சங்கிலியிலோ பற்றிக்கொள்ள ஓரிடமும் இல்லை. பிடியில்லாத வழுவழுப்பான சுவரில் ஏறச் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான் பாக்டீரியாவின் நிலையும். நீரும் ஒட்டாது, நொதியும் ஒட்டாது.

குடிநீர் பாட்டில் செய்யும் 'பெட்' என்ற பிளாஸ்டிக்கின் கதை வேறு. அதில் எஸ்டர் பிணைப்புகள் உள்ளன. நொதிக்குப் பிடி கிடைக்கும். 2016ஆம் ஆண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள், சகாய் நகரில் பாட்டில்களை மறுசுழற்சி செய்யும் இடத்திலிருந்து எடுத்த மாதிரிகளில், பெட் பிளாஸ்டிக்கையே உணவாகக் கொள்ளும் ஒரு பாக்டீரியாவைக் கண்டனர். 'ஐடியோனெல்லா சகாயென்சிஸ்' என்று ஊர்ப் பெயரையே அதற்குச் சூட்டினர். மெல்லிய பெட் தாளை 30 பாகை வெப்பநிலையில் ஆறு வாரத்தில் அது ஏறக்குறைய முழுதும் சிதைத்தது. ஆனால் கடையில் தரும் கைப்பை பெட் அன்று, பாலிஎதிலீன். அதாவது அந்த வழுவழுப்பான சுவர்.

இச்சுவரில் ஏறத் துணிந்தவன் பதினாறு வயதுப் பள்ளி மாணவன். கனடா நாட்டின் வாட்டர்லூ நகரைச் சேர்ந்த டேனியல் பர்ட் என்பது அவன் பெயர். வீட்டில் அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் சேர்த்து வைத்த பிளாஸ்டிக் பைகள் தலைமேல் சரிந்து விழுந்தனவாம். என் பாட்டி வீட்டுச் சமையலறை ஆணியில் ஒரு பை தொங்கும். அதற்குள் நூறு பைகள் மடித்துத் திணிக்கப்பட்டிருக்கும். வாட்டர்லூவுக்கும் நம் ஊருக்கும் இந்த ஒரு பொருளில் வேற்றுமை இல்லை என்று அறிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

எவ்வளவு மெதுவாக ஆனாலும் பை இயற்கையில் சிறிதேனும் சிதைகிறது என்றால், சிதைக்கும் நுண்ணுயிர் மண்ணில் எங்கோ இருக்க வேண்டும். அதைத் தேடிப் பிடித்துப் பெருக்கினால் என்ன? இதுவே பர்டின் எண்ணம். பைகளைத் தூளாக்கினான். உப்புகளும் ஈஸ்டும் கலந்த நீரில் அத்தூளையும் குப்பைமண்ணையும் இட்டு, 30 பாகை வெப்பத்தில் பல வாரம் வைத்தான். அதில் தழைத்தவற்றைப் புதுக் கரைசலுக்கு மாற்றி மீண்டும் வளர்த்தான். பிறகு எடைபோட்ட பை நாடாக்களை அவற்றோடு ஆறு வாரம் வைத்து மறுபடி எடைபோட்டான். சராசரி 17 விழுக்காடு குறைந்திருந்தது. நுண்ணுயிர்களைத் தனித்தனியே பிரித்து, எவ்விரண்டு சேர்ந்தால் நன்றாக வேலை செய்கின்றன என்று பார்த்து, வெப்பநிலையையும் கூட்டியபோது அது 43 விழுக்காடாயிற்று. 2008ஆம் ஆண்டு ஒட்டாவாவில் நடந்த கனடா நாடு தழுவிய அறிவியல் கண்காட்சியில் அவனுக்கு முதற்பரிசு கிடைத்தது. உடனே செய்தித்தாள்கள், "மூன்று மாதத்தில் பை மறையும்" என்று எழுதின. அவன் அளந்தது ஆறு வாரத்தை. மீதியைப் பெருக்கல் கணக்கால் போட்டுக்கொண்டார்கள்.

இதைப் படித்த நாங்கள் சும்மா இருப்போமா? மாவட்ட அளவிலான அறிவியல் கண்காட்சிக்கு நம் கல்லூரியிலிருந்து ஒரு குழு செல்ல வேண்டும் என்று அறிவிப்பு வந்திருந்த நேரம் அது. பர்டுக்கு இருந்ததெல்லாம் எங்களுக்கும் இருந்தது. பை பாட்டி வீட்டிலிருந்து வந்தது. (இவ்வகைப் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து தடை உண்டு. பாட்டியின் சேமிப்பு அதற்கு முந்தியது என்றே நம்புகிறேன்.) மண் பேருந்து நிலையத்தின் பின்புறத்துக் குப்பைமேட்டிலிருந்து வந்தது. பாதி புதைந்து கிடந்த பழைய பைகளின் அடியில் ஒட்டியிருந்த கறுப்பு மண்ணைச் சுரண்டி எடுத்தோம். நாற்றத்தைப் பற்றி எழுதினால் இதழாசிரியர் வெட்டிவிடுவார். அம்மோனியம் சல்பேட், பொட்டாசியம் பாஸ்பேட், கடையில் வாங்கிய ஈஸ்ட், எல்லாம் சேர்த்துக் கரைசல் செய்தோம். நுண்ணுயிர்கள் விரைந்து பெருகட்டும் என்று நான் ஒரு கட்டி வெல்லமும் போட்டேன். அந்த வெல்லத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கூம்புக் குடுவைகளின் வாயைப் பஞ்சால் அடைத்து, பையிலிருந்து வெட்டிய நாடாக்களை வேதித் தராசில் நான்கு தசம இடம் வரை எடைபோட்டு உள்ளே இட்டோம். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 200 மில்லிகிராம். ஆறு வாரம் காத்திருந்தோம். குடுவைகள் நுரைத்தன, புளித்தன, ஆய்வுக்கூட உதவியாளர் அண்ணனிடம் எங்களுக்குத் திட்டு வாங்கித் தந்தன. ஆறாம் வாரம் நாடாக்களை ஆல்கஹாலிலும் வடிநீரிலும் கழுவி, உலர்த்தி, எடைபோட்டோம். சராசரி 6.1 விழுக்காடு குறைந்திருந்தது!

அன்று நாங்கள் மூவரும் இருந்த நிலையை எப்படிச் சொல்வேன்? பர்டின் 17 எங்கே, எங்கள் 6 எங்கே என்பது கூடத் தோன்றவில்லை. நம் ஊர் மண்ணில் பிளாஸ்டிக்கைத் தின்னும் உயிர் இருக்கிறது! ஓவியம் வரையத் தெரிந்த தோழி அன்றிரவே பெரிய அட்டையில், 'பிளாஸ்டிக்கை வெல்லும் பாக்டீரியா' என்று சிவப்பு மையால் எழுதி முடித்துவிட்டாள்.

மறுநாள் எங்கள் பேராசிரியை அவர்களிடம் குறிப்பேட்டை நீட்டினோம். அம்மையார் எண்களைப் பார்த்தார், பாராட்டவில்லை. "வெல்லம் எவ்வளவு போட்டீர்கள்?" என்று கேட்டார். சொன்னோம். "பந்தியில் பாயசம் இருக்கும்போது எவனாவது இலையைத் தின்பானா?" என்றார். நாங்கள் விழித்தோம். "சரி, போகட்டும். கரைசலைக் கொதிக்க வைத்து, உயிர் போன பிறகு அதில் நாடாவைப் போட்டுப் பார்த்தீர்களா?" என்று அடுத்து கேட்டார்.

பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. இத்தனைக்கும் ஒப்புச் சோதனை இல்லாத சோதனை சோதனையே அன்று என்று முதலாம் ஆண்டிலேயே படித்து, தேர்வில் எழுதி, மதிப்பெண்ணும் வாங்கியவர்கள் நாங்கள்.

எஞ்சியிருந்த கரைசலைத் தாவரவியல் துறையின் ஆட்டோகிளேவில் வைத்து நீராவி அழுத்தத்தில் உயிரற்றதாக்கினோம். அதே பை, அதே அளவு நாடா. பக்கத்தில் வெறும் வடிநீர் ஊற்றிய குடுவை ஒன்று. கண்காட்சிக்கு ஏழு வாரம் இருந்தது நல்வாய்ப்பு. ஆறு வாரம் கழித்துக் கிடைத்த விடை இதுதான்: வடிநீரில் 0.4 விழுக்காடு குறைவு; உயிரற்ற கரைசலில் 5.8 விழுக்காடு குறைவு. செத்த பாக்டீரியாவும் உயிருள்ள பாக்டீரியாவும் ஏறத்தாழ ஒரே அளவு 'தின்றிருந்தன'!

அப்படியானால் எடை எங்கே போயிற்று? இதைக் கண்டுபிடித்தது என் தோழி ஒருத்தி. பெருமை அவளுக்கே உரியது. பையின் ஒரு துண்டைப் பீங்கான் மூசையில் இட்டு, புகைபோக்கி அடுக்குக்குள் வைத்து மெல்லிய சுடரில் எரித்தாள். (வீட்டில் யாரும் செய்ய வேண்டாம், புகை நல்லதன்று.) கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட பாலிஎதிலீன் முழுதாக எரிந்தால் சாம்பல் மிஞ்சக் கூடாது. மூசையிலோ பையின் வடிவம் சற்றும் மாறாமல் வெள்ளைச் சாம்பல் நின்றது. அதில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டாள். பொங்கி நுரைத்தது. வெளிவந்த வாயுவைத் தெளிந்த சுண்ணாம்பு நீரில் செலுத்தினோம், பால்போல் வெளுத்தது. பிளஸ் டூ மாணவனும் சொல்லிவிடுவான், கார்பனேட் என்று.

விலை மலிவாக வேண்டும் என்பதற்காகச் சில பைகளில் பாலிஎதிலீனோடு சுண்ணாம்புக்கல் தூளை, அதாவது கால்சியம் கார்பனேட்டைக் கலப்பார்கள். எங்கள் பை அவ்வகை. நான் போட்ட வெல்லம் புளித்து அமிலமாகியிருந்தது. காரகாடித் தாளில் பார்த்தபோது 4.5 காட்டிற்று. அந்தப் புளிப்பு, நாடாவின் மேற்புறத்துச் சுண்ணாம்பைக் கரைத்துவிட்டது. பாலிஎதிலீன் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்ததற்கும் எங்களிடம் சான்று இல்லை. நாங்கள் ஆறு வாரம் அரும்பாடுபட்டு நிரூபித்தது, புளித்த வெல்லத்தில் சுண்ணாம்பு கரையும் என்பதையே. இது என் பாட்டிக்கு முன்பே தெரியும்.

இனி நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். கண்காட்சிக்கு ஐந்து நாள்தான் இருந்தது. முதல்வர் அவர்கள் எங்கள் பெயரை அனுப்பிவிட்டார்கள். அட்டை எழுதியாயிற்று. "6.1 என்பது நாம் அளந்த எண்தானே? பொய் இல்லையே? செத்த கரைசலைப் பற்றி யாரும் கேட்கப் போவதில்லை. கேட்டால் சொல்வோம்" என்றாள் ஓவியத் தோழி. மேற்படிப்பு விண்ணப்பத்தில் பரிசுச் சான்றிதழ் எவ்வளவு உதவும் என்பது எனக்கும் தெரியும். அன்று மாலை முழுவதும் நானும் அவள் பக்கமே இருந்தேன்.

இரவு பர்டைப் பற்றிய செய்தியை மீண்டும் எடுத்துப் படித்தேன். முன்பு நான் தாவிச் சென்ற ஒரு வரி அதில் இருந்தது. ஒப்புச் சோதனைக்கு வைத்த நாடாக்களின் எடை மாறவில்லை என்ற வரி. 17 என்ற எண்ணுக்கு உயிர் கொடுத்ததே அந்த வரிதான் என்பது அப்போதுதான் உறைத்தது. அந்தப் பையன் எங்களைவிட மூன்று நான்கு வயது இளையவன்.

பிறகு வேறு சிலவற்றையும் தேடினேன். ஸ்பெயினில் பெதரிகா பெர்த்தோக்கினி என்ற ஆராய்ச்சியாளர், தேன்கூட்டைத் தின்னும் மெழுகுப் புழுக்கள் பிளாஸ்டிக் பையை ஓட்டையிடுவதைக் கண்டு, அவை பாலிஎதிலீனைச் சிதைக்கின்றன என்று 2017ஆம் ஆண்டு குழுவினருடன் எழுதினார். அதே ஆண்டு ஜெர்மானிய வேதியியலார், நீங்கள் கண்ட அடையாளம் பிளாஸ்டிக் சிதைந்ததால் வந்ததா, அல்லது அதன்மேல் ஒட்டியிருந்த புழுவின் புரதமும் கொழுப்பும் காட்டியதா என்று கேட்டனர். எங்கள் பேராசிரியை கேட்ட கேள்வியின் அண்ணன் இது. கேள்வி எழுந்ததும் பெர்த்தோக்கினி ஒதுங்கிவிடவில்லை. தொடர்ந்து ஆராய்ந்து, புழுவின் உமிழ்நீரிலுள்ள இரண்டு நொதிகள் பாலிஎதிலீனை ஆக்சிஜனேற்றம் செய்கின்றன என்று 2022இல் வெளியிட்டார்.

அயர்லாந்து நாட்டுக் கடற்கரைச் சிற்றூரைச் சேர்ந்த ஃபியோன் ஃபெரேரா என்ற இளைஞரின் வழி என்னை இன்னும் கவர்ந்தது. அவர் பிளாஸ்டிக்கைச் சிதைக்க முயலவில்லை. நீரிலிருந்து பிரித்தெடுக்கவே முயன்றார். கடற்கரைப் பாறை ஒன்றில் எண்ணெய்க் கசிவு படிந்திருந்தது. அதில் பிளாஸ்டிக் துணுக்குகள் ஒட்டியிருந்தன. இரண்டும் நீரை வெறுப்பவை. ஆகவே ஒன்றையொன்று நாடும். தாவர எண்ணெயோடு மேக்னடைட் என்ற காந்த இரும்பு ஆக்சைடுத் தூளைக் கலந்து, பிளாஸ்டிக் நுண்துகள் உள்ள நீரில் விட்டார். துகள்கள் எண்ணெயில் ஒட்டின. காந்தத்தை உள்ளே விட்டு வெளியே எடுத்தால் எண்ணெய், தூள், பிளாஸ்டிக் மூன்றும் சேர்ந்து வந்தன, நீர் நின்றது. எண்ணிப் பார்த்தால் என்ன எளிமை! 2019ஆம் ஆண்டு கூகுள் அறிவியல் கண்காட்சியின் முதற்பரிசு, 50,000 டாலர், அவருக்குக் கிடைத்தது. அப்போது வயது 18.

செய்திகள் '87 விழுக்காடு நீக்கம்' என்றன. நான் பார்த்தது அந்த எண்ணை அன்று. துகள்களின் அளவைக் காந்தம் விடுமுன்னும் எடுத்த பின்னும் அளக்க ஒரு கருவி வேண்டும். விலைக்கு வாங்க வழியில்லை. நிறமாலைமானியைத் தாமே செய்துகொண்டார். பத்து வகைத் துகள்களைத் தனித்தனியே சோதித்தார். துணி துவைக்கும்போது உதிரும் இழைகள் எளிதாக வந்தன என்றும், பாலிபுரொப்பிலீன் அவ்வளவு எளிதாக வரவில்லை என்றும் சேர்த்தே சொன்னார். தம் முறை முழுத் தீர்வு ஆகாது, பிளாஸ்டிக் பயன்பாட்டை விடுவதே தீர்வு என்றும் சொன்னார். பரிசு வாங்கும் மேடையில் நின்றுகொண்டு தன் வேலையின் எல்லையைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது, அட்டையில் சிவப்பு மையால் எழுதி வைத்திருந்த எனக்கு நன்றாகவே புரிந்தது.

மறுநாள் காலை ஓவியத் தோழியிடம் மூன்று எண்களையும் எழுதிக் காட்டினேன். 6.1, 5.8, 0.4. அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு வெள்ளைத் தாளை வெட்டி, 'வெல்லும்' என்ற சொல்லின் மேல் ஒட்டினாள். 'பிளாஸ்டிக்கைத் தின்னுமா பாக்டீரியா?' என்று தலைப்பு மாறிற்று. இக்கட்டுரைக்கும் அதையே இட்டிருக்கிறேன். அட்டையின் கீழே மூசையை வைத்து, பக்கத்தில் அமிலச் சொட்டுக் குப்பியையும் வைத்தோம்.

எங்களுக்குப் பரிசு கிடைக்கவில்லை. சூரிய அடுப்புக்குக் கிடைத்தது; நல்ல அடுப்புதான். நடுவர்களுள் ஒருவர் எங்கள் மேசையைப் பார்த்துக்கொண்டே கடந்துவிட்டார். மற்றொருவர், வயதானவர், நின்றார். சாம்பலில் தாமே ஒரு சொட்டு அமிலம் விட்டு நுரைப்பதைப் பார்த்தார். "சுண்ணாம்பு சேராத பையை வைத்து மறுபடி செய்கிறீர்களா?" என்று மட்டும் கேட்டார்.

செய்துகொண்டிருக்கிறோம். நாங்கள் இவ்வாண்டோடு விடைபெறுவதால் குடுவைகளை இரண்டாம் ஆண்டு மாணவிகள் நால்வரிடம் ஒப்படைத்துள்ளோம். இம்முறை, எரித்துப் பார்த்துச் சாம்பல் மிஞ்சாத தெளிந்த பாலிதீன் தாளையே எடுத்திருக்கிறார்கள். வெல்லம் கிடையாது. உயிருள்ள கரைசல் ஐந்து குடுவை, உயிரற்றது ஐந்து குடுவை, வடிநீர் ஐந்து குடுவை. எது எதில் உள்ளது என்று எடைபோடுபவளுக்குத் தெரியாதவாறு எண் ஒட்டியிருக்கிறார்கள்; இது அவர்களே கண்ட யோசனை, எங்களுக்குத் தோன்றவில்லை. இக்கட்டுரையை எழுதும் இன்று பதினோராம் வாரம். உயிருள்ள குடுவைகளுக்கும் மற்றவற்றுக்கும் உள்ள வேறுபாடு, தராசின் முள் தானாக ஆடும் அளவுக்குள்ளேயே இருக்கிறது.